டல்வின்னியில் ஒரு பகல்

"வாப்பா, போறதுக்கு எத்தனையோ இடம் இருக்கு. கோட்டை இருக்கு, கடல் இருக்கு. குடிக்காத மனுசனுக்கு விஸ்கி வடிக்கிற ஊர்ல என்ன வேலை?"

எடின்பரோவில் இருக்கும் மகள் இப்படிக் கேட்டபோது நான் சரியான பதில் சொல்லவில்லை. ஒரு பெயரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் சிரித்திருப்பாள்.

மஸ்கெலியாவைக் கடந்து போனால் அப்கொட் பகுதியில் ஸ்ட்ரத்ஸ்பே என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வாப்பாவின் பலசரக்குக் கடை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தோட்டத்துப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தப் பெயரைக் கூட்டி வாசிப்பது சிறுவயதில் எனக்கும் என் கூட்டாளிக்கும் ஒரு போட்டி. நாவில் எளிதில் ஏறாத சொல் அது. கூட்டாளி தோட்டத்து லயத்துப் பையன். அவனுடைய தகப்பனுக்குத் தொழிற்சாலையில் வேலை. தேயிலையைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுவார்.

பல வருடங்கள் கழித்து ஏதோ ஒரு புத்தகத்தில் அந்தப் பெயரை மறுபடி கண்டேன். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் டல்வின்னி என்ற சிற்றூரில் 1897இல் கட்டத் தொடங்கி 1898இல் வேலையை ஆரம்பித்த ஒரு விஸ்கி வடிசாலைக்கு முதலில் வைத்த பெயர் ஸ்ட்ரத்ஸ்பே. தொடங்கியவர்களால் நடத்த முடியவில்லை. அந்த வருடமே அது கைமாறி, ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக் கொண்டது. தோட்டத்துக்கும் வடிசாலைக்கும் ஒரே பெயர் என்பது என் மனத்தில் முள்போலத் தைத்துக்கொண்டிருந்தது. ஏன் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2017 ஒக்டோபரில் ஒரு காலைப்பொழுது, மகள் கட்டித் தந்த சாப்பாடும் ஒரு பிளாஸ்க் தேநீருமாகப் புகையிரதத்தில் ஏறினேன். பேர்த் நகரைத் தாண்டியதும் மலை தொடங்கியது. அடுத்து வரும் நிலையங்களின் பெயரை ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே வந்தது. டன்கெல்ட் என்றது. சற்று நேரத்தில் பிளேயர் அத்தோல் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்கள். நோர்வூட் பஸ்ஸில் கொண்டக்டர் கூப்பிடுவதைக் கேட்பதுபோல இருந்தது. எதிரே இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

உண்மையில் இது ஆச்சரியப்பட வேண்டிய காரியமல்ல. 1867இல் லூல்கந்துரையில் வியாபாரத்துக்கென்று தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். கோப்பிக்கு நோய் வந்து அது அழிந்தபின் மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அதற்கு முன்பும் பின்பும் வந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்தியர். காட்டை வெட்டி வெளியாக்கிய இடத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் ஊர்ப் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

பிளேயர் அத்தோலுக்குப் பிறகு மரங்கள் குறைந்தன. பாதை டிரமொக்டர் கணவாயில் ஏறியது. 452 மீற்றர், பிரித்தானியாவின் பிரதான புகையிரதப் பாதைகளில் இதைவிட உயரமான இடம் இல்லையாம். பட்டிப்பொல நிலையத்தைப் பார்த்தவனுக்கு அது ஓர் உயரமல்ல. ஆனால் இறங்கி நின்றபோது வீசிய காற்று அந்த எண்ணத்தை மாற்றியது. பிரித்தானியாவில் மனிதர் குடியிருக்கும் இடங்களுள் மிகக் குளிரானவற்றில் டல்வின்னியும் ஒன்று. வருடச் சராசரி வெப்பநிலை 6 பாகை மட்டில்தான்.

ஊர் என்று சொல்ல ஒரு வீதியும் அதன் ஓரமாகச் சில வீடுகளும். நூறு பேர் மட்டில் வாழ்கிறார்கள். சுற்றிலும் கபில நிற மலைகள், தென்மேற்கே எரிக்ட் ஏரி. டல்வின்னி என்பதற்கு கேலிக் மொழியில் சந்திக்கும் வெளி என்று பொருள் சொல்கிறார்கள். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே சந்தைக்குப் போகிறவர்கள் கூடித் தங்கிச் சென்ற இடம். விக்டோரியா மகாராணியும் 1861இல் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் இங்கே ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கினார். சாப்பாட்டுக்குக் கிடைத்தது மெலிந்த இரண்டு கோழிகள் மட்டுமே என்று தம் நாட்குறிப்பில் குறைப்பட்டிருக்கிறார். பிற்காலத்தில் பெருந்தெரு ஊருக்கு வெளியே போடப்பட்டுவிட்டது. இப்போது வடிசாலையைத் தேடி வருகிறவர்தான் ஊருக்குள் திரும்புகிறார்.

வடிசாலை தூரத்திலேயே தெரிந்தது. வெள்ளைச் சுவர்கள், சீனக் கோயிலின் கோபுரம்போல இரண்டு கூரைகள். பார்லியை நனைத்து முளைகட்டி, அதைச் சூளையில் காயவைக்கும்போது புகை வெளியேற அமைத்த கூரைகள் அவை. அந்த வேலை இங்கே 1968இல் நின்றுவிட்டது. முளைகட்டிக் காய்ந்த பார்லி இப்போது வெளியிலிருந்து வருகிறது. கூரை அழகுக்கு நிற்கிறது.

கிட்டப் போகப் போக ஒரு மணம். முதலில் நெல் அவிக்கும் மணம்போல இனிமையாக இருந்தது. இன்னும் நாலடி வைத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு புளிப்பு மேலெழுந்தது. என் கால் நின்றுவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு சம்பள நாள் மாலை அந்தப் புளிப்புக்குள் இருந்தது.

எங்கள் கடைக்கு அடுத்த கட்டடம் சாராயத் தவறணை. சம்பள நாளில் ஆண்கள் தோட்டத்திலிருந்து நேரே அங்கே வருவார்கள். பெண்கள் எங்கள் கடைப் படியில் வந்து குந்தியிருப்பார்கள், கையில் மிஞ்சுவதையாவது வாங்கிப் போக. கூட்டாளியின் தாயும் அவர்களில் ஒருத்தி. அவள் குந்துவது எப்போதும் மூன்றாவது படி. வாப்பா அன்று அடுப்பை வெளியே எடுத்து வைத்துக் கடலை வறுப்பார், மரவள்ளிக் கிழங்கு பொரிப்பார், முட்டை அவிப்பார். தவறணைக்குள்ளிருந்து கை நீளும். தட்டம் தட்டமாகப் போகும். மாதத்தில் அந்த ஓர் இரவுதான் எங்கள் கல்லாப்பெட்டி நிரம்பும். என் பள்ளிக்கூடச் சப்பாத்தும் பெருநாள் உடுப்பும் அந்த இரவுகளில் வந்தவை.

மதுவோடு சம்பந்தப்பட்ட பத்துப் பேரைப் பற்றிய ஹதீஸை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று அந்தப் பட்டியல் போகும். உம்மா ஒருநாள் அதை எடுத்தபோது வாப்பா சொன்னார்: "அந்தப் பத்துப் பேருல கடலை வறுக்கிறவன் இல்ல." உம்மா மேற்கொண்டு பேசவில்லை.

1966இல் கூட்டாளியின் தகப்பன் இறந்துபோனார். தவறணைக்குக் காசில்லாத காலத்தில் கசிப்புக்குப் போய், அதில் முடிந்தது. அடுத்த சம்பள நாளில் வாப்பா அடுப்பை வெளியே எடுக்கவில்லை. அதற்கடுத்த சம்பள நாளிலும் எடுக்கவில்லை. மூன்றாவது மாதம் எடுத்தார். கடை வாடகை நின்றிருந்தது. மூன்றாவது படி அன்று காலியாக இருந்தது. கூட்டாளி அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டான்.

இவ்வளவும் ஒரு மணத்துக்குள் இருந்து வந்ததால் வடிசாலை வாசலில் நான் நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் வந்து, "குளிரில் நிற்கிறீர்களே, உள்ளே வாருங்கள்" என்றாள். நான் குடிப்பதில்லை என்றேன். "குடிக்காதவர்களும் வருகிறார்கள், சுற்றிப் பார்க்கலாம், சொக்லட் இருக்கிறது" என்றாள். நல்ல பிள்ளை. நன்றி சொல்லி மறுத்தேன். கூடுமா கூடாதா என்று நான் அங்கே யோசிக்கவில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்தே பார்க்கக் கூடியதைப் பார்த்தேன். வீதியோரமாக மரத்தால் செய்த இரண்டு பெரிய வட்டத் தொட்டிகள். ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே வடியும் ஆவி செப்புக் குழாய் வழியாக வந்து, இந்தத் தொட்டிகளில் உள்ள மலைத் தண்ணீருக்குள் சுருள் சுருளாக ஓடிக் குளிர்ந்து திரவமாகிறது. ஆவியைப் பிடித்து நீராக்கும் இந்தக் கலை ஒரு காலத்தில் அரபிகளின் கையில் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாசனைத் திரவியங்கள் வடிப்பதைப் பற்றி ஒரு நூலே செய்தார். வடிக்கும் பாத்திரத்துக்கு ஐரோப்பியர் வைத்திருக்கும் பெயர் அரபியின் அல்அன்பீக். அல்கஹோல் என்ற சொல்லே அல்குஹ்ல், நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. பன்னீரும் அத்தரும் வடித்தவர்களின் சொல் எங்கெங்கோ நடந்து இங்கே வந்து இன்னொன்றுக்குப் பெயராகியிருக்கிறது. பெயர்கள் இப்படித்தான். புறப்பட்ட இடத்தில் இருந்த பொருள் போய்ச் சேரும் இடத்தில் இருப்பதில்லை.

திரும்பும் புகையிரதத்துக்கு இன்னும் நேரமிருந்தது. நிலையத்துக்கு வந்து, காற்றுப் படாத ஒரு சுவரோரம் ளுஹரைத் தொழுதேன். ஊரில் மேற்கைப் பார்த்துத் தொழுது பழகியவன் இங்கே தென்கிழக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது ஒரு முதியவர் நாயைக் கையில் பிடித்தபடி சற்றுத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை நாயை நெருங்க விடாமல் காத்திருந்திருக்கிறார். அந்த மரியாதைக்காகவே ஒரு கோப்பை தேநீர் ஊற்றி நீட்டினேன். வாங்கில் பக்கத்தில் அமர்ந்து வாங்கிக்கொண்டார்.

அவருடைய ஆங்கிலம் எனக்கும் என்னுடையது அவருக்கும் அரைவாசிதான் விளங்கியது. வடிசாலையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1905இல் ஓர் அமெரிக்கக் கொம்பனி அதை 1,250 பவுணுக்கு வாங்கியதையும், 1934இல் தீப்பற்றி 1938வரை மூடிக்கிடந்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். 1986இல் அந்த மரத்தொட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதுமாதிரி இயந்திரம் பூட்டினார்களாம். சுவை மாறிவிட்டது. 1995இல் மறுபடி மரத்தொட்டியே வந்தது. "கெட்டிக்காரர்கள் பழைய முட்டாள்களிடம் திரும்பி வந்தார்கள்" என்று சிரித்தார். விஸ்கி என்று சொல்லச் சட்டப்படி மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். இந்த ஊரின் பெயர் பெற்ற போத்தல் பதினைந்து வருடம் கிடக்கிறது. வடித்தவர் ஓய்வு பெற்றுப் போனபின்தான் சிலது வெளியே வரும் என்றார்.

நான் எங்கள் ஸ்ட்ரத்ஸ்பேயைப் பற்றிச் சொன்னேன். கோப்பையைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. "இலங்கையிலா?" என்றார். வாழ்நாள் முழுவதும் தேநீர் குடித்தவர், அப்படியொரு தோட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டதில்லை. பிறகு, இந்த ஊரும் உண்மையில் ஸ்ட்ரத்ஸ்பே அல்ல என்றார். இங்கே ஓடுவது ட்ரூயிம் என்ற சிற்றாறு. அது வடக்கே போய் ஸ்பே ஆற்றில் விழுகிறது. ஸ்ட்ரத்ஸ்பே அதற்கும் கீழே. "அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்திருக்கும், இரவல் வாங்கியிருப்பார்கள்" என்றார்.

"எங்கள் விஸ்கி உங்கள் தோட்டத்துக்கு வந்ததா?" என்று கேட்டார்.

"துரைமாரின் கிளப்புக்கு வந்தது. தொழிலாளிக்குச் சாராயம். அதற்கும் காசில்லாதபோது கசிப்பு" என்றேன். கசிப்பு என்றால் என்ன என்று விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. 1823இல் சட்டம் வந்து அனுமதிப் பணம் குறையும்வரை இந்த மலைகளிலும் எல்லோரும் ஒளித்துத்தான் வடித்தார்கள், சுங்கக்காரர் வந்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கதை சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு மூச்சு விட்டபோது கூட்டாளியின் தகப்பனைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது படியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாப்பா கடலை வறுத்ததையும் சொல்லிவிட்டேன். அதை என் மகளிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கள் வீட்டிலும் ஒருவன் இருந்தான். என் தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "இந்தப் போத்தலைக் குடித்து அவன் சாகவில்லை. இதை வாங்க அவனிடம் காசிருக்கவில்லை" என்றார்.

அப்போது ஸ்கொட்லாந்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மலிவான மதுவால் சாகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று, மதுவுக்கு ஒரு குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் 2012இல் கொண்டுவந்தது. அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது ஸ்கொட்ச் விஸ்கிக்காரர்களின் சங்கம். ஐந்து வருடம் இழுபட்டு, நான் போய்வந்த அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. முதியவரிடம் வழக்கைப் பற்றிக் கேட்டேன். "நான் வடித்தேன். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த தொழில்" என்றார். அது என் கேள்விக்குப் பதிலல்ல. ஆனால் அந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அந்தப் பத்துப் பேரில் கடலை வறுக்கிறவன் இல்லை.

அவரைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. என் கையில் இருந்த தேநீரைப் பார்த்தேன். நல்ல கொழுந்தெல்லாம் கப்பலேறிப் போக, அதைப் பறித்தவர்கள் லயத்தில் கழிவுத் தூளைக் கொதிக்கவைத்துக் குடித்ததை நான் கண்ணால் கண்டவன். அவருடைய தம்பி இந்த ஊர்ப் போத்தலை வாங்க முடியாமல் மலிவானதைக் குடித்துச் செத்தான். ஒரு ஊரில் வடிப்பவருக்குக் குடிப்பவரைத் தெரியாது. இன்னொரு ஊரில் குடிப்பவருக்குப் பறிப்பவரைத் தெரியாது. இடையிலே எல்லோரும் தத்தம் தொழிலை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறோம். டல்வின்னி ஒரு பொல்லாத ஊராக இருக்கும் என்று எண்ணி வந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அது துப்புரவான, அமைதியான, தண்ணீரையும் பார்லியையும் பதினைந்து வருடப் பொறுமையையும் அறிந்த ஊர். அதுதான் என்னைக் கலங்கச் செய்தது.

வாப்பா மர்ஹூமாகி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அவருக்காக நான் துஆச் செய்யாத நாளில்லை. ஆனால் அன்றுதான் முதல்முறையாக, என்ன விஷயத்துக்காகக் கேட்கிறேன் என்று தெரிந்து கேட்டேன்.

புகையிரதம் வந்தது. முதியவர் கோப்பையைத் தண்டவாளப் பக்கம் சரித்து உதறி, தன் கைக்குட்டையால் துடைத்துத் தந்தார்.

அன்றிரவு ஹட்டனில் இருக்கும் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகளை எழுப்பும் சத்தம் கேட்டது. எங்கே போய்வந்தேன் என்று சொன்னேன். அவனுக்கு நம்ப முடியவில்லை.

"அப்ப அந்தப் பேருக்கு என்னடா அர்த்தம் மச்சான்?"

"ஸ்பே ஒரு ஆறு. ஸ்ட்ரத் எண்டா அகலமான பள்ளத்தாக்கு. ஆத்துப் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் அவனிடமிருந்து சத்தமில்லை.

"ஆத்துப் பள்ளத்தாக்கா?" என்றான். "நான் இவ்வளவு காலமும் அது ஏதோ ஒரு தொரையோட பேருன்னு நெனச்சேன். எங்கப்பாவும் அப்படித்தான் நெனச்சாரு."

அவனிடம் இன்னொன்றும் சொல்லத்தான் எடுத்தேன். கடலையைப் பற்றி. அதற்குள் பேரன் போனைப் பறித்துவிட்டான். அடுத்த முறை ஹட்டனுக்குப் போகும்போது நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போனேன். சொன்னேன். "தெரியுமேடா" என்றான். "நானும் வாங்கித் தின்னிருக்கேன்."